எந்தப் பலகையில் அமர்வது?

மதுரை புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட பிறகு, எங்களைப் போன்றவர்கள் சந்தித்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்திருக்கிறது. உள்ளே பேச முடியாது என்பதால் பேச்செல்லாம் வெளியே தேநீர்க் கடையில்தான். சில மாதங்களுக்கு முன் அங்கே ஓர் இளம் நண்பரைச் சந்தித்தேன். உசிலம்பட்டி வட்டாரத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருப்பவர். அவருடைய இரண்டு சிறுகதைகள் சிற்றிதழ்களில் வந்திருக்கின்றன; இரண்டும் நல்ல கதைகள். வைகைத் தண்ணீர் எப்படியும் தங்கள் கண்மாய்க்கு வந்துவிடும் என்று 58 கிராமக் கால்வாய்க்காகக் காத்திருந்த ஒரு தலைமுறையைப் பற்றி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதிக்கொண்டிருக்கிறார் என்பது மரியாதைக்குச் சொல்வது. நான்கு ஆண்டுகளாக அது 90ஆவது பக்கத்தில் நிற்கிறது.

“அண்ணே, எங்க எழுதினா ஆளுக வந்து படிப்பாங்க? முகநூலா, சொந்தமா ஒரு தளமா, கிண்டிலா, யூட்யூபா? எல்லாத்துலயும் இருக்கணும்ங்கிறாங்க. எல்லாத்துலயும் இருந்தா எழுதுறது எப்பண்ணே?”

கடைசி வரிதான் உண்மையான கேள்வி. முன்னால் சொன்னவை அதைக் கேட்பதற்கான தயக்கம்.

பிறகு தன் கைப்பேசியில் ஒன்றைக் காட்டினார். கடந்த ஓராண்டில் முகநூலில் எழுதிய பதிவுகளையும், அவற்றின் கீழே பிறருக்குச் சொன்ன பதில்களையும் ஒரே கோப்பில் வெட்டி ஒட்டித் தொகுத்திருந்தார். நாவலின் அதே எழுத்துரு, அதே அளவு. 340 பக்கங்கள். “இதுல என் பேரனுக்குக் குடுக்கிற மாதிரி ஒரு பக்கம் இருக்கான்னு தேடுனேன்ணே” என்றார். அவருக்கு இன்னும் திருமணம்கூட ஆகவில்லை. ஆனால் அதைச் சொன்னபோது எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்று அவருக்குச் சரியான பதில் எதையும் நான் சொல்லவில்லை. வீடு திரும்பியபின் யோசித்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

மதுரைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி ஒரு புராணக் கதையாகவே கிடைத்திருக்கிறது. பொற்றாமரைக் குளத்தில் மிதந்ததாகச் சொல்லப்படும் சங்கப்பலகை, தகுதியுள்ள புலவர் வந்தால் வளர்ந்து இடம் கொடுக்குமாம், தகுதியற்றவரைத் தள்ளிவிடுமாம். சிறுவயதில் இதைக் கேட்டபோது பலகையின் நீதியுணர்வு வியப்பாக இருந்தது. இன்று என்னைக் கவர்வது வேறொன்று. அந்தப் பலகை புலவரிடம் எழுதிமுடித்த பாடலைத் தவிர எதையும் கேட்கவில்லை. காலையில் வணக்கம் சொல்லச் சொல்லவில்லை. பக்கத்துப் புலவர் பாடலுக்கு விருப்பக்குறி இடச் சொல்லவில்லை. நக்கீரரிடம் அன்றைய அரசியல் குறித்துக் கருத்துக் கேட்கவில்லை.

இன்று எழுத்தாளன் முன்னால் கிடக்கும் பலகைகளை நான் இப்படித்தான் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். எழுத்தைக் கேட்கும் பலகைகள் சில. எழுத்தாளனையே கேட்கும் பலகைகள் பல. எந்தப் பலகையில் எத்தனை பேர் கூடுகிறார்கள் என்பதை அதற்குப் பிறகுதான் பார்க்கவேண்டும்.

இது இணையத்தோடு பிறந்த சிக்கலும் அன்று. மதுரையிலிருந்து மேற்கே, கொடைக்கானல் மலையடிவாரத்தில் இருக்கும் வத்தலக்குண்டுக்குப் போனால் மூன்று தலைமுறை எழுத்தாளர்கள் இதே இழுபறியில் இருந்ததைப் பார்க்கலாம். ஓர் ஊருக்கு மூவர் என்பது எந்த மொழியிலும் அபூர்வம்.

முதலாமவர் பி.ஆர்.ராஜமய்யர். ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ மாத இதழில் தொடராக வந்தது. அன்றைக்கு மாத இதழ் என்பதே புதிய தொழில்நுட்பம். அச்சு, அஞ்சல், சந்தா மூன்றும் சேர்ந்து, வத்தலக்குண்டுப் பையன் ஒருவன் எழுதியதைத் தமிழ்நாட்டின் எங்கோ ஓர் அக்ரகாரத்துத் திண்ணையில் கொண்டுபோய்ச் சேர்த்தன. அந்தப் பலகை அவரிடம் மாதம் ஓர் அத்தியாயம் கேட்டது. அவர் கொடுத்தார். தமிழின் முதல் நாவல்களில் ஒன்று நமக்குக் கிடைத்தது. பிறகு 1896இல் ‘பிரபுத்த பாரத’ என்ற ஆங்கில மாத இதழின் ஆசிரியரானார். இம்முறை பலகை கேட்டது அவரையே. 1898இல், 26 வயதில் இறந்துபோனார். இரண்டாவது தமிழ் நாவல் இல்லை. இதழாசிரியர் வேலைதான் அதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். அவருடைய மனம் வேதாந்தத்தின் பக்கம் திரும்பியிருந்தது, உடலும் ஒத்துழைக்கவில்லை. ஆனாலும் அந்த இரண்டு கட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இரண்டாமவர் பி.எஸ்.ராமையா. ‘மணிக்கொடி’யை 1935 முதல் சிறுகதை இதழாக நடத்தியவர். அவருடைய கதைகளைவிட அவர் நடத்திய இதழே அதிகம் பேசப்படுகிறது. 1982இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்ததும் ‘மணிக்கொடி காலம்’ என்ற நினைவுநூலுக்குத்தான்.

மூன்றாமவரிடம்தான் சற்று நேரம் நிற்கவேண்டும். சி.சு.செல்லப்பா. மதுரைக் கல்லூரியில் படித்தவர், காந்தியத்தில் ஊறிச் சிறை சென்றவர், ‘வாடிவாசல்’ என்ற ஒரு சிறிய நூலால் மட்டுமே இன்றுவரை ஆயிரக்கணக்கான வாசகர்களைச் சென்றடைந்துகொண்டிருப்பவர். 1959 ஜனவரியில் சென்னையிலிருந்து ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். இரண்டாயிரம் பிரதிகளுக்குமேல் அச்சிடமாட்டேன் என்று தொடக்கத்திலேயே அறிவித்தார். இந்த அறிவிப்பைக் கேலி செய்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஏனெனில் இதழ் அந்த எண்ணிக்கையின் பக்கத்தில்கூடப் போகவில்லை. சில நூறு சந்தாதாரர்களுடன்தான் நடந்தது. ஆனால் எனக்கு அது தமிழ் எழுத்தாளர் ஒருவர் வாசகர்களைப் பற்றிச் சொன்ன மிக நிதானமான சொல்லாகத் தோன்றுகிறது. தனக்கு எத்தனை பேர் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு தொடங்கிய வேறொருவரை எனக்குத் தெரியாது.

இதற்கு நேர் எதிரான கனவும் நம்மிடம் உண்டு. பாரதியின் கவிதை முதன்முதலில் அச்சேறியது மதுரையில், ‘விவேகபாநு’ இதழில், 1904இல்; சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் அவர் தற்காலிக ஆசிரியராகச் சேர்வதற்குச் சற்று முன்பு. அதே பாரதி 1920இல், தன் எழுத்துகளையெல்லாம் 40 நூல்களாக, நூலுக்கு 10,000 பிரதிகள் வீதம் அச்சிடத் திட்டமிட்டு, கடன் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மொத்தம் நான்கு லட்சம் பிரதிகள்! மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்போலத் தன் நூல்கள் வீடுவீடாக விற்கும் என்று நம்பிய மனிதர். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். நூறாண்டு கழித்துப் பார்த்தால் அவர் கணக்கு தவறில்லை, காலம்தான் தவறு. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்த நாட்களில் எழுதப்படாமல் போன பாட்டுகள் எத்தனை என்று யாரால் சொல்ல முடியும்?

செல்லப்பாவிடம் திரும்புகிறேன். ‘எழுத்து’ 1970 வரை 119 இதழ்கள் வந்தது. தமிழ்ப் புதுக்கவிதை என்று நாம் இன்று சொல்வது அந்தப் பக்கங்களில் வேர்பிடித்தது. திருக்கோணமலையிலிருந்து எழுதிய தருமு சிவராமு என்ற பிரமிள், சி.மணி, வைத்தீஸ்வரன், நகுலன் என்று வரிசை நீளும். 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வந்தது. வெங்கட் சாமிநாதன் என்ற விமர்சகர் அங்கேதான் உருவானார். இதழோடு நிற்காமல் புத்தகங்களும் போட்டார் செல்லப்பா. அவற்றைக் கட்டாகக் கட்டிச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இன்றைய மொழியில் சொன்னால் எழுத்தாளர், பதிப்பாசிரியர், விநியோகஸ்தர், விளம்பரதாரர் எல்லாம் அவரே.

அவருடைய சொந்தப் படைப்பு என்ன ஆயிற்று? ‘ஜீவனாம்சம்’ நாவலை ‘எழுத்’திலேயே தொடராக எழுதினார். அதாவது, பலகை எழுத்தைக் கேட்டபோது நாவல் கிடைத்தது. அவருடைய பெயர்பெற்ற சிறுகதைகளில் பெரும்பாலானவை ‘எழுத்’துக்கு முந்தியவை. தன் இளமையின் மதுரைச் சீமையை, அதன் விடுதலைப் போராட்ட ஊர்வலங்களையும் கைதுகளையும் வைத்து எழுதிய ‘சுதந்திர தாகம்’ 1997இல்தான் மூன்று பாகங்களாக வெளிவந்தது. அப்போது அவருக்கு 85 வயது. அடுத்த ஆண்டு காலமானார். சாகித்திய அகாதெமி விருது 2001இல் வந்தது, வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அந்த நாவலைப் படிக்கும்போதெல்லாம், இதை இவர் 50 வயதில் எழுதி முடித்திருந்தால் இன்னும் எவ்வளவு இறுகியிருக்கும் என்ற எண்ணம் எழுகிறது. இது என் தனிப்பட்ட வாசிப்பு, மறுப்பவர்கள் இருப்பார்கள்.

ஆக, செல்லப்பா இழந்தது உண்மை. ஆனால் அவர் இழந்த நேரத்தில் தமிழுக்குப் பிரமிள் கிடைத்தார், சி.மணி கிடைத்தார். என் உசிலம்பட்டி நண்பர் இழந்த 340 பக்கத்தில் யார் கிடைத்தார்? இந்தக் கேள்வி சற்றுக் கொடுமையானதுதான். முகநூலில் தொடங்கி நல்ல நூல்களுக்கு வந்துசேர்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். இதழாசிரியர்களின் அறிமுகம் இல்லாதவர்களுக்கும், வீட்டைவிட்டு இலக்கியக் கூட்டங்களுக்கு வரமுடியாத பெண்களுக்கும் அது திறந்த கதவாக இருந்தது. கதவு வழியாக உள்ளே வந்தவர் கதவருகிலேயே நின்றுவிடுவதைப் பற்றித்தான் என் கவலை.

நம் காலத்தில் எழுத்தைக் கேட்கும் பலகையைத் தானே செய்துகொண்டவர் என்று ஜெயமோகனைச் சொல்லவேண்டும். 2014 புத்தாண்டு அன்று தன் தளத்தில் ‘வெண்முரசு’ தொடங்கி, 2020 ஜூலையில் 26ஆவது நாவலோடு முடித்தார். நாளுக்கு ஓர் அத்தியாயம். அவருடைய கருத்துகளோடு உடன்படாதவர்கள் இங்கே எழுதுபவர்களிலேயே பலர் உண்டு. நானும் சிலவற்றில் அப்படித்தான். ஆனால் அந்த ஏற்பாட்டின் பொறியியலைக் கவனிக்கவேண்டும். உரையாடல் முகநூலில் நடக்கவில்லை. வாசகர் எழுதவேண்டுமென்றால் உட்கார்ந்து கடிதம் எழுதவேண்டும். பதில் சொல்லத் தக்கதற்குப் பதில் வரும், அதுவே அடுத்த கட்டுரையாகவும் ஆகிவிடும். வாசகரோடு செலவிட்ட நேரமும் எழுத்தாகவே சேமிக்கப்பட்டது. தினமும் ஓர் அத்தியாயம் என்பது எல்லோருக்கும் ஆகிற காரியமில்லை, வேண்டியதுமில்லை. வரவு வாயிலை ஒன்றாகக் குறுக்கிக்கொள்வது எல்லோருக்கும் ஆகும்.

மதுரையிலேயே இதற்கு இரண்டு விதமான சான்றையும் ஒரே மனிதரிடம் காணலாம். சு.வெங்கடேசன் ‘காவல் கோட்டம்’ நாவலைப் பத்தாண்டு உழைப்பில் எழுதி 2008 இறுதியில் வெளியிட்டார். ஆயிரம் பக்கத்துக்கு மேல். அந்தப் பத்தாண்டில் அவர் கட்சிப் பணியில் ஓடிக்கொண்டிருந்தவர். நேரம் கொழித்துக் கிடந்தவர் இல்லை. நூல் வந்தபின், மதுரைக்குத் தெற்கே மல்லாங்கிணறைச் சேர்ந்த எஸ்.ராமகிருஷ்ணன் தன் தளத்தில் அதைக் கடுமையாக நிராகரித்து எழுதினார். ஜெயமோகன் தன் தளத்தில் அதை விரிவாகக் கொண்டாடி எழுதினார். அந்தச் சண்டையைப் படித்துவிட்டுத்தான் நான் நூலை வாங்கினேன், என்னைப்போல் பலர். நூலாசிரியர் ஒரு தளமும் நடத்தாமலேயே இணையம் அவருக்கு வாசகர்களைக் கொடுத்தது. 2011இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. அதே எழுத்தாளர் 2016இல் ‘வேள்பாரி’யை ‘ஆனந்த விகடன்’ வார இதழில் தொடங்கி, 100 வாரங்களுக்குமேல் எழுதினார். வாராவாரம் வாசகர்கள் காத்திருந்தார்கள். மறைந்திருந்து எழுதிய நூல், கூட்டத்தின் முன்னால் எழுதிய நூல் இரண்டுமே சாத்தியம்தான். இரண்டிலும் கேட்கப்பட்டது அத்தியாயம். இலக்கியமாக எது மேல் என்று கேட்டால் நான் முதலாவதன் பக்கம்.

வாசகரே வேண்டாம், எழுதினால் போதும் என்று சொல்லும் ஒரு கூட்டமும் நம்மில் உண்டு. அவர்கள் உடனே ஜி.நாகராஜன் பெயரை இழுப்பார்கள். மதுரைத் தனிப்பயிற்சிக் கல்லூரிகளில் புகழ்பெற்ற கணித ஆசிரியர். ‘குறத்தி முடுக்கு’, ‘நாளை மற்றுமொரு நாளே’ என்ற இரண்டே சிறு நாவல்கள். 1981இல் மதுரையில் மரணம். அவரைத் தனிமையின் திருவுருவாக்கி வழிபடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அவர் எவ்வளவு எழுதினார் என்பதைப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. படிக்கச் சில நூறு பேரும், காத்திருக்கும் ஒரு பதிப்பாளரும் இருந்திருந்தால் மூன்றாவது நாவல் வந்திருக்குமோ என்று நினைக்க இடமுண்டு. வாசகர்கள் எழுத்தாளனுக்குச் சோறு போடாவிட்டாலும், அடுத்த பக்கத்துக்குக் காரணம் தருகிறார்கள்.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடவேண்டும். 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் நானும் ஒரு வலைப்பூ வைத்திருந்தேன். திரட்டிகளில் என் இடுகை மேலே வருகிறதா என்று பார்ப்பதும், வருகையாளர் எண்ணியைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்ப்பதும், பின்னூட்டச் சண்டையில் நள்ளிரவுவரை விழித்திருப்பதுமாக மூன்று ஆண்டுகள் போயின. எண்ணியில் தெரிந்த வருகைகளில் ஐந்தில் ஒன்று நானேதான் என்று பிற்பாடு ஒரு நண்பர் கண்டுபிடித்துச் சொன்னார். அப்போது எழுதிய இடுகைகளில் நூலுக்குத் தேறியவை பதினொன்று. அந்த மூன்று ஆண்டுகளில் எழுதியிருக்கவேண்டிய சிறுகதைகளின் தலைப்புகள் மட்டும் ஒரு நோட்டில் இருக்கின்றன. யார்மீதும் குறையில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. எழுதிவிட்ட நிறைவை எழுதாமலேயே தரக்கூடிய இடம் ஒன்று கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

சரி, நண்பரின் பட்டியலுக்கு வருகிறேன்.

யூட்யூப் மதுரைக்காரர்களுக்குப் புதியதன்று. பட்டிமன்றம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்; மேடைதான் இப்போது கைப்பேசிக்குள் வந்திருக்கிறது. இயல்பாகப் பேச வருகிறவர்கள் பேசட்டும். எஸ்.ராமகிருஷ்ணனின் உலக இலக்கியப் பேருரைகளைக் கேட்டுவிட்டு டால்ஸ்டாயைத் தேடிப்போனவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பேச்சு வராத ஒருவர், ஒளியமைப்பும் ஒலிவாங்கியும் வாங்கி, பத்து நிமிடக் காணொளிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிப்பது வீண்.

கிண்டில் 2016 இறுதியில் தமிழுக்கும் வந்தது. அச்சகம், சேமிப்புக்கிடங்கு, கடைக்காரர் யாருமில்லாமல் நூலை வெளியிட்டுவிடலாம். அது எழுத்தைக் கேட்கும் பலகைதான், ஐயமில்லை. ஆனால் நூலைக் கொண்டுவந்து வைப்பதோடு சரி, வாசகரை நாம்தான் அழைத்துவர வேண்டும். அழைக்கப் போகிறவர்கள் திரும்ப முகநூலில்தான் போய் நிற்கிறார்கள். பிரதிலிபி போன்ற செயலிகளில் நடப்பதை நம் சிற்றிதழ் உலகம் கேலியாகப் பார்க்கிறது. அங்கே தினமும் ஓர் அத்தியாயம் எழுதும் பெண்களையும், அதற்குக் காத்திருக்கும் வாசகர்களையும் பார்த்தால், ‘விவேக சிந்தாமணி’க் காலத்துச் சந்தாதாரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். எழுதப்படுவது நம் ரசனைக்கு ஒத்துவராமல் இருக்கலாம். அந்த ஒழுங்கைக் கேலி செய்யும் தகுதி, 90 பக்கத்தில் நிற்கும் நமக்கு இல்லை.

முகநூல் எழுத்தாளனையே கேட்கிறது. அங்கே நேற்று எழுதியது நேற்றோடு போயிற்று. இன்று நீங்கள் இருக்கிறீர்களா என்பதே கேள்வி. நம் பதிவை யாருக்குக் காட்டுவது என்பதை முடிவு செய்வதும் நாமில்லை. கேட்கப்படும் கருத்துகளோ பெரும்பாலும் நாம் தேர்ந்தெடுக்காத பொருள்களைப் பற்றியவை. அதிகாலையில் ஒருமுறை அதைத் திறந்துவிட்டால், நாவலின் கண்மாய்க்கரையில் நிற்கவேண்டிய மனம் யாரோ ஒருவருடைய விருது சர்ச்சையில் போய் நிற்கும். செலவாவது பத்து நிமிடம்தான் என்பார்கள். அந்தப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பிவர ஆகும் ஒரு மணி நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. முகநூலை விட்டுவிடு என்று நான் நண்பருக்குச் சொல்லவில்லை. அறிவிப்புப் பலகையாக வைத்துக்கொள்ளலாம்: கதை வந்திருக்கிறது, நூல் வந்திருக்கிறது, இன்ன இடத்தில் படிக்கலாம். அவ்வளவுக்கு மேல் அங்கே வீடு கட்டவேண்டாம்.

மிஞ்சுவது சொந்தத் தளம், அதோடு மின்னஞ்சல். ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் சொந்தப் பெயரில் ஒரு தளம் வைத்துக்கொள்ளலாம். அதுவும் கனமென்றால் இலவச வலைப்பூ இருக்கிறது. வாசகர் மெதுவாகத்தான் வருவார்கள். முதல் ஆண்டில் முப்பது பேர் வந்தால் அதிர்ஷ்டம். ஆனால் அந்த முப்பது பேர் படிக்க வந்தவர்கள், நம்மைப் பார்க்க வந்தவர்கள் இல்லை. அவர்களுடைய முகவரியும் நம்மிடம் இருக்கும். நடுவில் யார் கடையைச் சாத்தினாலும் அது போகாது.

கடை சாத்துவது கற்பனையில்லை. ஜியோசிட்டீஸ் 2009இல் போயிற்று. ஆர்க்குட் 2014இல், கூகுள் பிளஸ் 2019இல். மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று இணையத் தமிழின் முதல் இலக்கியப் பேச்சுகள் நடந்த யாஹூ குழுமச் சேவையும் 2020 டிசம்பரில் மூடப்பட்டது. அந்த மடல்களில் வெளியே எடுத்துச் சேமிக்கப்படாதவை போனவைதான். இன்று பெயர் சொல்லும் எழுத்தாளர்கள் சிலர் முதன்முதலாக எழுதிப் பார்த்தது அங்கேதான்.

இதற்கு நேர்மாறாக, நம் ஊரின் பெயரைத் தாங்கிய ஒன்று நிலைத்திருக்கிறது. மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழும் முனைவர் கு.கல்யாணசுந்தரம் தொடங்கியது. உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டெழுதி, மெய்ப்புப் பார்த்து, இலவசமாக வெளியிட்டார்கள். எழுத்துருக்கள் ஆளுக்கொன்றாக இருந்த காலம் அது. டிஸ்கி வந்தபோது டிஸ்கிக்கு மாற்றினார்கள், ஒருங்குறி வந்தபோது ஒருங்குறிக்கு மாற்றினார்கள். அந்தக் கோப்புகள் இன்று எத்தனையோ கணினிகளில் பிரதியெடுக்கப்பட்டுக் கிடக்கின்றன. ஒரு தளம் விழுந்தாலும் நூல் விழாது. விருப்பக்குறி இல்லை, பின்னூட்டம் இல்லை. சங்க இலக்கியத்தில் ஒரு வரி தேடவேண்டுமென்றால் இன்றும் நான் முதலில் போவது அங்கேதான்.

எழுத்தாளனுக்கும் இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. எங்கே வெளியிட்டாலும் மூலக்கோப்பு உங்களிடம், எளிய உரையாக, இரண்டு மூன்று இடங்களில் இருக்கட்டும். நண்பரிடம் நாவலின் 90 பக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அலுவலகக் கணினியில் என்றார். ஒரே ஒரு பிரதி. முகநூல் பதிவுகளைத் தொகுத்துவைத்த மனிதர் நாவலைத் தொகுத்துவைக்கவில்லை!

இவற்றையெல்லாம் சுருக்கி அவருக்கு ஒரு மடல் எழுதினேன். பதில் வரவில்லை. கோபித்துக்கொண்டார் போலும் என்று விட்டுவிட்டேன். ஒன்றரை மாதம் கழித்து மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்தது. எனக்கு மட்டுமில்லை, கேட்டு வாங்கிக்கொண்ட 26 பேருக்கு. மாதம் ஒன்று அனுப்பப்போவதாகச் சொல்லியிருந்தார். கைப்பேசியை இரவே அம்மாவின் அறையில் வைத்துவிடுவதாகவும், அம்மா காலை ஏழுமணிக்குமுன் கொடுக்க மறுத்துவிடுவதாகவும் ஒரு பின்குறிப்பு. கடிதத்தில் நாவலிலிருந்து ஒரு பகுதி: ஒரு மழையிரவில் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே தண்ணீர் பாய்கிறது, ஊரே அரிக்கேன் விளக்குகளோடு கரையில் நிற்கிறது.

போன வாரம் தொலைபேசியில் பேசினார். 26 பேரில் ஒருவர், பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், மூன்று பக்கம் பதில் எழுதியிருக்கிறாராம். “கலுங்கு வழியா அத்தனை தண்ணி போச்சுன்னா கரையில அந்த இடத்துல ஆளுக நிக்கவே முடியாது தம்பி, எதிர்க்கரைக்கு மாத்துங்கன்னு எழுதியிருக்காருண்ணே. படமே வரைஞ்சு அனுப்பிருக்காரு.”

மாற்றினீர்களா என்று கேட்டேன்.

“மாத்திட்டேன். மாத்துனதுல புதுசா ஒரு கிழவி வந்துட்டா. இப்ப 104ஆம் பக்கம்.”